அங்கே இப்போது மணி என்ன?

தம்பி கைக்கடிகாரத்தைக் கழற்றி, காப்பிக் கோப்பையின் ஈரம் படாத இடமாகப் பார்த்து, மேசையில் அவள் பக்கமாக நகர்த்தினான்.

"ஒரு நாளைக்கு ஒரு நிமிஷம் பின்னாடி போகுதுக்கா. நான் கெளம்பறதுக்குள்ள பாத்துக் குடுத்துடு."

"இதுக்கு முன்னாடி யாராவது தொறந்திருக்காங்களா?" என்று கேட்டாள். வேலையிடத்தில் யார் எந்தக் கடிகாரத்தைக் கொண்டுவந்தாலும் முதலில் கேட்கிற கேள்வி அது. வீட்டிலும் வாய் தானாகக் கேட்டுவிட்டது.

"சே. வாங்கினதுலேந்து தொறந்ததே இல்ல. உன்ன விட்டா வேற யார நம்பிக் குடுப்பேன்?"

அந்தப் பதிலில் அவளுக்கு உச்சி குளிர்ந்துதான் போயிற்று. இருபத்திரண்டு வருடமாக ஊரார் கடிகாரங்களைத் திறந்து மூடுகிறவள். தன் வீட்டு ஆள் ஒருத்தன் இப்படிச் சொன்னால் எப்படி இருக்கும்? அவனுக்கு இன்னொரு கோப்பை காப்பி போட்டுக் கொடுத்தாள். வந்த பத்து நாளில் அவன் சொட்டிக்கொண்டிருந்த குழாயை மாற்றியிருந்தான், அலமாரிக் கதவின் கீலை இறுக்கியிருந்தான், ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு அவளைப் பாத்திரம் தேய்க்க விடுவதில்லை. அப்பா போன பிறகு அந்த வீட்டில் இரண்டாவது தட்டு வைக்கப்படுவது அவன் வருகிற இந்தச் சில நாட்களில் மட்டும்தான். அம்மா எப்போதோ போய்விட்டாள். கல்யாணம் அவளுக்கு அமையவில்லை, அமையாததைப் பற்றிப் பேசுவதையும் உறவுக்காரர்கள் நிறுத்தி வெகு காலம் ஆயிற்று. ஆக, அவளுக்கென்று சொல்லிக்கொள்ள உலகத்தில் மிச்சமிருந்தது தம்பி ஒருத்தன்தான்.

அது சாதாரணக் கடிகாரம் இல்லை. பேட்டரி கிடையாது. சுருள்வில்லும் பல்சக்கரமுமாக ஓடுகிற, தலைமுறைக்கும் உழைக்கிற ரகம். அதில் மணி முள் மட்டும் இரண்டு. ஒன்று முழுசாக நிரப்பிய முள். இன்னொன்று நடுவில் ஓட்டை விட்டு ஓரத்தை மட்டும் வரைந்தாற்போன்ற முள். முழு முள் அவன் இருக்கிற ஊரின் மணி, ஓட்டை முள் வீட்டின் மணி. விளிம்பில் இரண்டு பொத்தான்கள் உண்டு. ஒன்றை அழுத்தினால் முழு முள் ஒரு மணி நேரம் முன்னால் தாவும், மற்றதை அழுத்தினால் பின்னால் தாவும். எந்த ஊருக்குப் போனாலும் பொத்தானை அழுத்தி அந்த ஊர் மணிக்கு வந்துவிடலாம். ஓட்டை முள் மட்டும் அசையாது.

அதை வாங்கிய புதிதில் தம்பி அப்பாவுக்கு இப்படித்தான் விளக்கினான். அப்பா பேருந்து நிலையத்தில் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். எந்த வண்டி எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை மணிக்குப் போனது என்று முப்பத்தோரு வருடம் நோட்டில் எழுதியவர். கடிகாரத்தைக் கண்ணருகே கொண்டுபோய் ரொம்ப நேரம் பார்த்தார். "அப்போ நீ எந்த மூலைக்குப் போனாலும் நம்ம வீட்டு மணி உன் கையில கட்டியிருக்கும்னு சொல்லு" என்றார். அந்த வாக்கியத்தை அப்புறம் அவர் பால்காரனிடம் சொன்னார், எதிர் வீட்டில் சொன்னார், கடைசியில் படுத்த படுக்கையாகக் கிடந்தபோது ஊசி போட வந்த நர்ஸிடமும் சொன்னார்.

இப்போது விடுமுறைக்கு வந்தும்கூடத் தம்பி முழு முள்ளை நகர்த்தவில்லை. அது அவன் வேலை பார்க்கிற ஊரின் மணியையே காட்டிக்கொண்டிருந்தது. "ஆபீஸ்லேந்து கூப்பிடுவாங்கக்கா, அங்க மணி தெரியணும்ல" என்பான். இந்தியாவைப் போல இந்த நாட்டில் அரைமணிக் கணக்கு கிடையாது; அங்கே இங்கத்தைவிடச் சரியாக ஏழு மணி நேரம் பின்னால். கணக்கென்றால் அவன் பள்ளிக்கூட நாளிலிருந்தே விரல் விட்டு எண்ணுகிற ஆள். இத்தனை வருடத்தில் ஒரு ஏழு மனப்பாடம் ஆகவில்லையா என்று அவள் கிண்டல் பண்ணினால், "அதுக்குத்தான இவ்ளோ பெரிய வாட்ச்" என்று சிரிப்பான்.

அவள் வேலை செய்யும் பட்டறை ஒரு கடிகாரக் கடையின் பின்கட்டில் இருந்தது. மூன்று மேசைகள், மூன்று விளக்குகள், வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத் தூசி ஒட்டாத ரப்பர் செருப்பை மாட்டிக்கொண்டுதான் உள்ளே வரவேண்டும். அன்று வியாழக்கிழமை. தம்பி சனிக்கிழமை கிளம்புகிறான். அவசர வேலை இரண்டு இருந்தும் அவற்றை ஓரமாக வைத்துவிட்டு, வாரைக் கழற்றிக் கடிகாரத்தைக் கவிழ்த்து, பின்மூடியைத் தாங்கியில் பொருத்தினாள். சொந்தக்காரர் வேலை என்றால் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கவேண்டும், இல்லாவிட்டால் ஆயுசுக்கும் சொல்லிக்காட்டுவார்கள். லென்ஸைக் கண்ணில் இடுக்கிக்கொண்டாள். மூடி சுலபமாகவே சுழன்றது.

அந்தச் சுலபம்தான் முதலில் உறுத்தியது. இத்தனை வருடம் திறக்காத மூடி கொஞ்சமாவது முரண்டு பிடிக்கும். அடுத்து, உள்ளே ஒரு திருகின் தலையில் முடியளவு கீறல் இருந்தது. ஸ்க்ரூ டிரைவர் ஒரு தரம் நழுவியிருக்கிறது. தொழிற்சாலையில் இப்படி விடமாட்டார்கள். 'யாரோ தொறந்திருக்காங்க, இவன் மறந்திருப்பான்' என்று நினைத்துக்கொண்டு மூடியைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்தாள்.

மூடியின் உள்பக்கத்தில், ஓரத்தில், ஒரு சின்னக் கோடு. கோட்டின் நுனியில் ஒரு வட்டம். அதன் கீழே 11/6 என்று தேதி. அதையடுத்து வருடம்.

கடிகாரக்காரர்களுக்குள் ஒரு பழக்கம் உண்டு. ஒரு கடிகாரத்தைத் திறந்து வேலை பார்த்து மூடுகிறவன், பின்மூடியின் உள்ளே தன் அடையாளத்தையும் தேதியையும் ஊசியால் கீறிவைப்பான். நாளைக்கு அதே கடிகாரம் திரும்பி வந்தால், யார் கை பட்டது, எப்போது பட்டது என்று தெரியவேண்டும். பெரிய கம்பெனிகளில் இது கூடாது என்பார்கள். கூடாது என்றுவிட்டு அவர்களும் கீறுவார்கள். லென்ஸ் இல்லாமல் கண்ணுக்குத் தெரியாது. கட்டிக்கொள்கிறவர்களுக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. எத்தனை லட்சத்துக்கு வாங்கியவராக இருந்தாலும் தன் கடிகாரத்தின் முதுகுக்குள் என்ன எழுதியிருக்கிறது என்று அவர் அறியமாட்டார். தம்பியும் அறியமாட்டான்.

கோடும் வட்டமும் யாருடையது என்று அவள் யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. பெண்டுலம். பன்னிரண்டு வருடம் பக்கத்து மேசையில் வேலை செய்த மனிதர். இருவரும் முன்பு வேலை பார்த்த பழைய பட்டறையில் அடையாளத்தை வைத்தே ஆளைக் கூப்பிடுவார்கள். அவர் பெண்டுலம் வரைவார், அவர் பெண்டுலம். அவள் மூன்று புள்ளியும் ஆறு காலும் போட்டு ஒரு எறும்பு கீறுவாள், அவள் எறும்பு. பெண்டுலம் பிறகு தனிக்கடை வைத்துக்கொண்டு போய்விட்டார். கடை இதே ஊரில்தான், ஒரு வணிக வளாகத்தின் கீழ்த்தளத்தில். பேருந்தில் ஏறினால் அரைமணி.

ஜூன் பதினொன்று. இரண்டு வருடத்துக்கு முந்திய ஜூன். அப்பா போனது பதினான்கு.

அவள் மூடியை மெல்லக் கவிழ்த்து வைத்தாள். 'பெண்டுலம் தேதியைத் தப்பாப் போட்டிருப்பாரு' என்று மனசு முதலில் ஒரு கயிற்றைப் பிடித்தது. அந்த மனிதர் வாயைத்தான் கட்டமாட்டாரே தவிர தேதியில் தப்பு செய்கிறவர் இல்லை. 'தம்பி யார்கிட்டயாவது குடுத்து அனுப்பியிருப்பான்' என்று அடுத்த கயிறு. அவன் குளிக்கும்போதுகூடக் குளியலறை வாசலிலேயே கழற்றிவைத்து, வந்ததும் மாட்டிக்கொள்கிற கடிகாரம் இது. ஒவ்வொரு கயிறாக அறுந்து போயிற்று.

அந்த ஜூன் மாதம் அவளுக்கு மணி மணியாக ஞாபகம் இருக்கிறது. அப்பா மருத்துவமனையில் இரண்டாவது மாடியில் ஜன்னலோரக் கட்டிலில் கிடந்தார். காலையில் கண் விழித்ததும் முதல் கேள்வி, "அங்க இப்போ மணி என்ன?" அவள் ஏழு மணி நேரத்தைக் கழித்துச் சொல்வாள். வழக்கமாகத் தம்பி கூப்பிடுவது சாயங்காலத்தில். அந்த மாதம் இரண்டாம் தேதியிலிருந்து மட்டும் காலை பத்து மணிக்குக் கூப்பிட ஆரம்பித்தான். அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. "இங்க ராத்திரி மூணு மணி, அக்கா. தூக்கமே வரல. அப்பா நெனப்பாவே இருக்கு" என்றான். முகத்தைக் காட்டேன் என்று கேட்டபோது, லைட் போட்டால் பக்கத்து அறைக்காரர் எழுந்துவிடுவார் என்றான். அவள் நம்பினாள். நம்பியது மட்டுமா, அதை அப்பாவிடம் ஒன்றுக்கு இரண்டாகச் சொன்னாள். "உங்களுக்காக ராப்பூரா முழிச்சிட்டு உக்காந்திருக்கான்பா."

அப்பாவின் கண் நிறைந்துவிட்டது. போனைக் காதில் வைத்தால், "டேய், சாப்ட்டியா? போய்த் தூங்கு, காலையில வேலைக்குப் போணும்ல" என்று சொல்லிவிட்டு உடனே அவள் கையில் திருப்பிக் கொடுத்துவிடுவார். இன்னும் பேசுங்கப்பா என்றால் தலையை ஆட்டுவார். "பாவம், தூங்கட்டும். பேசிட்டே இருந்தா அவன் எப்போ தூங்கறது?" கேட்பதற்கு அவருக்கு எவ்வளவோ இருந்திருக்கும். மகன் தூங்கவேண்டும் என்பதற்காக அவ்வளவையும் விழுங்கிக்கொண்டார். பத்து நாளும் அப்படித்தான்.

பதினோராம் தேதி காலையில் டாக்டர் அவளை வராந்தாவுக்கு அழைத்து, வரவேண்டியவர்கள் யாராவது இருந்தால் வரச்சொல்லிவிடுங்கள் என்றார். பத்து மணிக்குத் தம்பியின் போன் வந்தது. அதைச் சொன்னாள். "லீவு கேட்டிருக்கேன்கா. இங்க ராத்திரி மூணு மணி. விடிஞ்சதும் மறுபடி போய் கேக்கறேன்" என்றான். அவன் குரல் உடைந்திருந்தது. அவளே தேற்றினாள். "நீ மனசப் போட்டு ஒழப்பிக்காத. போய்ப் படுடா."

மதியச் சாப்பாட்டு நேரத்தில் பின்மூடியை மட்டும் ஒரு சின்ன டப்பாவில் போட்டு எடுத்துக்கொண்டு பேருந்து ஏறினாள். ஜன்னலோரமாக உட்கார்ந்து, டப்பாவை மடியில் வைத்து இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள்.

பெண்டுலத்தின் கடை, படி இறங்கியதும் சாவி அடிக்கிறவனின் கடைக்கும் போன் உறை விற்கிறவனின் கடைக்கும் நடுவில், ஒரு ஆள் அகலத்துக்கு இருந்தது. அவர் பேசும்போது உடம்பை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டுகிற ஆள். அடையாளம் வந்த பிறகு ஆட்டம் வந்ததா, ஆட்டத்தைப் பார்த்து அடையாளம் வந்ததா என்று பழைய பட்டறையில் ஒரு தீராத சண்டையே உண்டு.

"வாம்மா எறும்பு. மழை வரப்போகுதா என்ன, புத்துலேந்து கெளம்பி வந்திருக்க?"

அவள் டப்பாவைத் திறந்து மூடியை நீட்டினாள். அவர் லென்ஸை மாட்டிக்கொண்டு பார்த்தார். தன் கோட்டையும் வட்டத்தையும் பார்த்ததும் முகத்தில் ஒரு சந்தோஷம்.

"நம்ம கையெழுத்துதான். ரெண்டு மணி முள்ளு வாட்சு, அதானே? இந்த மாதிரி ஐட்டம் நம்ம கடைக்கு எப்போவாவதுதான் வரும். அதனால மறக்கல. அந்த ஆளு தங்கியிருந்த ஓட்டல் பாத்ரூம்ல கீழ விழுந்து, ஓட்டை முள்ளு லூசாகி ஆடிக்கிட்டிருந்தது. டைட் பண்ணிக் குடுத்தேன். ஏன், மறுபடி ஆடுதா?"

"இல்லண்ணா. நீங்க பண்ணது நல்லாத்தான் இருக்கு. அந்த ஆளு எப்படி இருந்தாரு?"

"ஒசரமா, கண்ணாடி போட்டு. கம்பெனி மீட்டிங்குக்காகப் பத்து நாள் வந்திருக்கேன், நாளைக்கு ஃப்ளைட்டுன்னாரு. நல்ல மனுஷன். எனக்கும் சேத்து டீ சொன்னாரு. இதோ, இந்த ஸ்டூல்லதான் ஒரு மணி நேரம் உக்காந்திருந்தாரு." பெண்டுலம் ஆட்டத்தை நிறுத்திவிட்டுத் தானாகவே சிரித்தார். "ஒரு கூத்து கேளு. போன் பண்றதுக்கு முன்னாடி என்கிட்ட, 'இப்போ மணி என்ன பாஸ்'னாரு. வாட்சுதான் என் டேபிள்ல பிரிச்சுக் கெடக்கே. பத்துன்னேன். உடனே ஒரு ஒரு வெரலா மடக்கி எண்ணினாரு. எண்ணிட்டு போன்ல, இங்க ராத்திரி மூணு மணி, விடிஞ்சதும் கேக்கறேன்னு சொல்றாரு. மேல வெயில் கொளுத்துது. எனக்கு சிரிப்பு தாங்கல. யாரோ பொண்டாட்டி காதுல பூ சுத்தறாரு, நமக்கென்னன்னு திருகாணிய முடுக்கிட்டிருந்தேன்."

அவள் அந்த ஸ்டூலைப் பார்த்தாள். சிவப்புப் பிளாஸ்டிக் ஸ்டூல். ஒரு காலில் விரிசல் விட்டு டேப் ஒட்டியிருந்தது.

"பொண்டாட்டி இல்லண்ணா" என்றாள். "என்கிட்டதான் பேசினான். என் தம்பி."

பெண்டுலம் ஆடவில்லை. அப்பா போனபோது மாலையோடு வந்து, சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தவர் அவர். தம்பி வந்து சேருவதற்கு முந்தின நாள் அது. அதனால் அவனை அவர் அங்கே பார்த்திருக்கவில்லை. தேதியை அவர் மனசுக்குள் கூட்டிக் கழிப்பது முகத்தில் தெரிந்தது. கடைசியில் மூடியைத் துணியால் துடைத்து, டப்பாவில் வைத்து, இரண்டு கையாலும் நீட்டினார்.

"எனக்குத் தெரியாதும்மா" என்றார். "தெரிஞ்சிருந்தா சட்டையப் புடிச்சு ஆஸ்பத்திரிக்கு இழுத்துட்டு வந்திருப்பேன்."

மருத்துவமனை அந்தக் கடையிலிருந்து நான்கு நிறுத்தம்.

திரும்பி வந்து அன்றும் மறுநாளும் அவள் கடிகாரத்தை முழுசாகப் பிரித்தாள். சக்கரங்களைக் கழுவினாள், பழைய எண்ணெயை எடுத்துவிட்டுப் புதுசாகத் துளித் துளியாக விட்டாள், ஒவ்வொரு பல்லாகப் பார்த்தாள். கை அதுபாட்டுக்குப் பழகிய வேலையைச் செய்தது. உள்ளே கொதித்துக்கொண்டிருந்தது. நம்ப வைத்துக் கழுத்தை அறுத்துவிட்டான். வேற்றாள் அறுத்தால் கத்தி என்று தெரியும், இவன் அழுதுகொண்டே அறுத்தான். வர முடியவில்லை என்றால்கூட மன்னித்திருப்பாள். வர மனசில்லை, அந்தக் கட்டிலின் பக்கத்தில் நிற்கப் பயமாக இருக்கிறது என்று சொல்லியிருந்தால், திட்டிவிட்டுக் கடைசியில் அதையும் மன்னித்திருப்பாள். பார்த்துவிட்டால் விட்டுவிட்டுக் கிளம்ப முடியாது, விடவும் மாட்டார்கள் என்று நினைத்திருப்பானோ? என்ன நினைத்தானோ. ஆனால் நாலு நிறுத்தத் தூரத்தில் டீ குடித்துக்கொண்டு, மூன்று மணி இருட்டுக்குள் உட்கார்ந்திருப்பதாகச் சொல்லி, சாகப்போகிற மனுஷன் வாயாலேயே 'தூங்கு' என்று சொல்ல வைத்தானே, அதை எந்தக் கணக்கில் வைப்பது?

இன்னொன்றும் இருந்தது. பதினான்காம் தேதி அப்பா போனதும் தம்பி வரட்டும் என்று உடலை இரண்டு நாள் மருத்துவமனையிலேயே வைத்திருந்தார்கள். அவனுக்காகக் காத்திருக்க வேண்டாம் என்று பெரியப்பா சொன்னார். "உசுரோட இருக்கறப்போ வராதவனுக்கு இப்போ என்ன காத்திருக்கறது?" என்று நாலு பேர் நடுவில் கேட்டார். அவள் எழுந்து நின்று, வாழ்க்கையில் முதல்முறையாகப் பெரியவர் என்றும் பார்க்காமல் பேசினாள். என் தம்பி ராத்திரி ராத்திரியாகத் தூங்காமல் தவித்தது உங்களுக்குத் தெரியுமா என்றாள். தம்பி உள்ளவள் நான், எனக்கு வேறு யாரும் வேண்டாம் என்றுகூடச் சொன்னாள். பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போனார். அன்றோடு அந்த வீட்டுப் போக்குவரத்து நின்றது. பதினாறாம் தேதி தம்பி விமான நிலையத்திலிருந்து நேராகப் பெட்டியோடு வந்து, அவள் காலைக் கட்டிக்கொண்டு அழுதான். கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். இது இரண்டு வருடம் தாங்கியிருக்கிறது. கட்டி நிறுத்தியதில் பாதி அவளுடைய உழைப்பு.

அப்பா கடைசிவரை அவனைக் குறை சொல்லவில்லை. பதின்மூன்றாம் தேதி சாயங்காலம், வார்த்தை குழறிக்கொண்டிருந்த நேரத்தில், அவள் ஆற்றாமையால், "அவன் வரமாட்டான் போலப்பா" என்று வாய்விட்டுவிட்டாள். அப்பா கண்ணைத் திறந்தார். "லேட்டா வர்ற வண்டிய கேன்சல்னு எழுதக் கூடாதும்மா" என்றார். அவர் தொழிலில் அது சட்டம். வண்டி வரும்வரை அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டுவைக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் எல்லாம் முடிந்து மூடி மட்டும் மிச்சம். அதை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். பேசாமல் மூடிக் கொடுத்துவிட்டால் ஒன்றும் நடக்காது. வருடத்துக்கு ஒரு தரம் வருவான், குழாயை மாற்றுவான், கீலை இறுக்குவான், மேசையில் இரண்டாவது தட்டு இருக்கும். கேட்டுவிட்டால் அந்தத் தட்டு இல்லை. இந்த வயதுக்குமேல் புதுசாக ஒரு தம்பிக்கு எங்கே போவது? அப்பாவே எழுதாமல் விட்ட கட்டத்தில் தான் எதற்கு எழுதவேண்டும் என்றும் நினைத்தாள். ஆனால் அப்பாவுக்குத் தெரியாது. வண்டி அதற்குள் வந்து, நிலையத்துக்குள் நுழையாமல், வெளியே பத்து நாள் நின்றுவிட்டுத் திரும்பிப் போனது அவருக்குத் தெரியாது.

ஊசியை எடுத்தாள். பெண்டுலத்தின் அடையாளத்துக்குப் பக்கத்திலேயே, அது மறையாமல், மூன்று புள்ளியும் ஆறு காலும் கீறினாள். கீழே அன்றைய தேதியைப் போட்டு மூடியைத் திருகினாள். பிறகு முன்பக்கம் திருப்பி, முழு முள்ளை முன்னால் தள்ளுகிற பொத்தானை ஏழு தரம் அழுத்தினாள். ஒவ்வொரு அழுத்துக்கும் முள் ஒரு மணி தாவி, ஏழாவது தாவலில் ஓட்டை முள்ளின் மேல் போய் அப்பிக்கொண்டது. இப்போது பார்க்கிறவர்களுக்கு அது ஒற்றை மணி முள் உள்ள கடிகாரம்.

சனிக்கிழமை சாயங்காலம் பெட்டி கட்டி முடித்துக் கூடத்தில் நின்றது. ஒன்பது மணிக்கு வாடகைக் கார் வரும். தம்பி அதே நாற்காலியில் உட்கார்ந்து, அதே கோப்பையில் காப்பி குடித்துக்கொண்டிருந்தான். அவள் கடிகாரத்தைத் துணியில் சுற்றியபடியே மேசையில் வைத்தாள். அவன் எடுத்துக் கட்டிக்கொண்டு மணிக்கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"புதுசு மாதிரி ஆக்கிட்டக்கா." அப்புறம் புருவத்தைச் சுருக்கினான். "என்ன, ஒரு முள்ளுதான் இருக்கு?"

"ரெண்டும் இருக்கு. நீ இங்கதான இருக்க, அதான் சேத்து வெச்சேன். வீட்டு முள்ளு அடியில இருக்கு."

"அது சரி" என்று சிரித்துக்கொண்டே விரலைப் பொத்தானுக்குக் கொண்டுபோனான்.

"அங்க இப்போ மணி என்ன?" என்று கேட்டாள்.

அப்பா கேட்கிற அதே இழுப்பில்தான் கேட்டாள். அவன் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. சுவர்க் கடிகாரத்தில் ஆறு. பொத்தானிலிருந்து விரலை எடுத்து, வலது கையைக் கொஞ்சம் உயர்த்திக்கொண்டான். உதடு முணுமுணுத்தது. ஒரு விரல் மடங்கியது, அடுத்தது மடங்கியது.

"அந்த பேஸ்மென்ட் கடையிலயும் இப்படித்தான் எண்ணினியாம்" என்றாள். "சிவப்பு ஸ்டூல்ல உக்காந்து. பதினொண்ணாம் தேதி காலையில பத்து மணிக்கு."

மூன்றாவது விரல் மடங்கியிருந்தது.

"தொறக்கறவங்க எல்லாரும் உள்ள தேதி போட்டுட்டுத்தான்டா மூடுவோம். அது உனக்குத் தெரியாது."

அவன் நிமிரவில்லை. வெளியே யாரோ வண்டியை நிறுத்தி, கதவைச் சாத்தி, எதிர் வீட்டுக்குப் போனார்கள்.

"அப்பா உன்ன தூங்கச் சொன்னாரு" என்றாள்.

அவன் கை மேசைக்கு மேலே அந்தரத்தில் அப்படியே இருந்தது. மூன்று விரல் மடங்கி, நான்காவது பாதி வளைந்து, மேற்கொண்டு மடங்கவும் இல்லை, நிமிரவும் இல்லை. மற்றக் கையின் மணிக்கட்டில் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. அவள் எண்ணெய் போட்டு முடுக்கியது, இனி ஒரு நிமிஷமும் பின்தங்காது. அவள் எதிரே உட்கார்ந்து அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.